சிறிய அரச வைத்தியசாலையின் செலவைக் கணக்கெடுப்பது: யாழ்ப்பாணத்தில் கண்டவை

யாழ்ப்பாணத்தில் ஒரு பிரதேச வைத்தியசாலைக்குப் போய், "உங்கட ஆஸ்பத்திரிக்கு வருசம் எவ்வளவு செலவு?" என்று பொறுப்பு வைத்திய அதிகாரியைக் கேட்டால் பதில் வராது. அவர் மறைக்கிறார் என்று நினைக்க வேண்டாம். அந்தத் தொகை யாரிடமும் ஒரே தாளில் இல்லை. சம்பளம் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனை வழியாகப் போகிறது. மருந்து கொழும்பிலிருந்து பிராந்திய மருந்துக் களஞ்சியம் ஊடாகப் பொருளாகவே வருகிறது; காசு கண்ணில் படுவதில்லை. பெரிய திருத்த வேலை மாகாண சபையின் மூலதன ஒதுக்கீட்டில் நடக்கும். புதிய நோயாளர் விடுதி ஏதாவது ஒரு திட்டக் காசில் எழும்பியிருக்கும். ஜெனரேற்றர் வெளிநாட்டிலுள்ள ஊர்ச் சங்கத்தின் அன்பளிப்பாக இருக்கும். வைத்தியசாலை லிகிதரின் மேசையில் பதியப்படுவது இவற்றில் மிகச் சிறிய பங்குதான்.

கிராமப்புற வைத்தியசாலைகளின் நிதிநிலையை ஆராய வருகிறவர்கள் முதலில் வாசிப்பது பெரும்பாலும் அமெரிக்க ஆய்வுகளை. வட கரோலினா பல்கலைக்கழகத்தின் ஷெப்ஸ் மையம் அங்கே மூடப்படும் கிராமப்புற வைத்தியசாலைகளை ஒவ்வொன்றாகப் பதிந்து வருகிறது; 2010 இற்குப் பிறகு மட்டும் நூற்றுக்கு மேல். அந்த ஆய்வுகளின் அளவுகோல்கள் இலாப வீதம், கையிலுள்ள காசு எத்தனை நாளுக்குக் காணும், வரவேண்டிய பணம் எத்தனை நாள் நிலுவையில் நிற்கிறது என்பன. கட்டணம் அறவிடாத எங்கள் அரச வைத்தியசாலைக்கு இவற்றில் ஒன்றும் பொருந்தாது. மூளாய் கூட்டுறவு வைத்தியசாலை, இணுவில் மக்லியொட், மானிப்பாய் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை போன்ற அரசு நடத்தாத வைத்தியசாலைகளை ஆராய்வதானால் மட்டும் அப்படியே எடுக்கலாம்; அங்கே வரவும் உண்டு, செலவும் உண்டு.

அரச வைத்தியசாலை வங்குரோத்து ஆவதில்லை. அது மெலியும். முதலில் இரவுக்கு வைத்தியர் இல்லாமல் போகும். பிறகு பிரசவ அறை பூட்டப்படும். விடுதியில் பெண்கள் பக்கம் மட்டும் திறந்திருக்கும். கடைசியில் மத்தியானம் வரை நடக்கும் ஓ.பி.டி. (வெளிநோயாளர் பிரிவு) மிஞ்சும். பெயர்ப்பலகை மட்டும் மாறாது. ஆகவே இங்கே தாக்குப்பிடிக்குமா என்று கேட்பது, எந்தச் சேவை எந்த ஆண்டில் நின்றது, அது நின்றபோது செலவு எவ்வளவு குறைந்தது என்று கேட்பதற்குச் சமம். பெரும்பாலும் செலவு அவ்வளவாகக் குறைவதில்லை என்பதுதான் விசயமே.

அமெரிக்காவிலிருந்து எடுக்கக்கூடிய ஒன்று இருக்கிறது. அங்கே 1997 ஆம் ஆண்டுச் சட்டத்தில் (இன்றைய வரம்பில்) 25 கட்டில்களுக்கு மேற்படாத, பொதுவாக அடுத்த வைத்தியசாலைக்கு 35 மைல் தூரத்திலுள்ள சின்ன வைத்தியசாலைகளைத் தனி வகையாக்கி, முதியோர் காப்புறுதியான மெடிகெயர் அவற்றுக்கு நோயாளிக் கணக்கில் இல்லாமல் செலவுக் கணக்கில் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். 2023 இலிருந்து தங்கிச் சிகிச்சையை விட்டுவிட்டு அவசரப் பிரிவை மட்டும் 24 மணித்தியாலமும் வைத்திருக்கும் வகையும் வந்தது. அதற்கு மாதந்தோறும் ஒரு நிலையான தொகை. இரண்டிலும் அடிப்படை ஒன்றே: ஆள் வந்தாலும் வராவிட்டாலும் கதவைத் திறந்து வைத்திருக்க ஒரு செலவு உண்டு. அதைத் தனியாகக் கணக்கிட வேண்டும். இரவுக் கடைசி பஸ்ஸில் நாலு பேர் ஏறினாலும் டீசலும் சாரதியும் குறைவதில்லை அல்லவா.

அந்தத் தயார்நிலைச் செலவைக் கணக்கிட ஒரு எண்ணில் தொடங்கலாம்: 168. வாரத்தில் அத்தனை மணித்தியாலம். ஒருவர் வாரம் 40 மணித்தியாலம் வேலை செய்கிறார் என்று வைத்தால், ஒரு இடத்தில் இடைவிடாமல் ஒருவர் இருக்க 4.2 பேர் வேண்டும். லீவு, பயிற்சி, சுகவீனம் என்று 15 வீதம் போனால் ஏறத்தாழ ஐந்து பேர். விடுதிக்கு ஒரு தாதி, ஒரு சிற்றூழியர், ஒரு அம்புலன்ஸ் சாரதி என்று மூன்றே இடங்களை இரவும் பகலும் நிரப்புவதற்குப் பதினைந்து பேர். இப்போது ஆளணிப் பட்டியலை எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு சாரதிகள் இருந்தால் அது 80 மணித்தியாலம், பாதிக்கும் குறைவு. மிச்சம் மேலதிக நேரம், இல்லையேல் சாரதி இல்லாத அம்புலன்ஸ். அன்பளிப்பாக இரண்டாவது அம்புலன்ஸ் வந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

இனிக் கணக்குப் புத்தகங்கள். அனுமதி முதலில்: மருத்துவ பீடத்தின் நெறிமுறை மீளாய்வுக் குழு, அதன் பிறகு மாகாண, பிராந்தியப் பணிப்பாளர்களின் கடிதம், அதன் பிறகே வைத்தியசாலை. இந்த ஒழுங்கைக் குழப்பினால் லிகிதர் சிரித்தபடி அடுத்த கிழமை வரச் சொல்வார். சம்பளப் பட்டியலில் பெயரைப் பிரதி எடுக்க வேண்டாம். பதவிவாரியான மொத்தம் போதும் என்று கடிதத்திலேயே எழுதிவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

பணிமனைக் கணக்குப் பிரிவில் செலவுகள் திறைசேரியின் பொருட்குறியீடுகளில் இருக்கும். 1001 சம்பளம், 1002 மேலதிக நேரமும் விடுமுறைக் கொடுப்பனவும், 1003 ஏனைய படிகள், 1202 எரிபொருள், 1203 உணவும் சீருடையும், 1301 இலிருந்து 1303 வரை வாகனம், இயந்திரம், கட்டடப் பராமரிப்பு, 1403 மின்சாரமும் நீரும். சிக்கல் என்னவென்றால், இவை பெரும்பாலும் பிராந்தியம் முழுவதற்கும் சேர்த்தே இருக்கும். வைத்தியசாலைவாரியாகப் பிரிக்க வவுச்சர்களுக்குள் இறங்க வேண்டும். சம்பளம் நிலையத்துக்கு நிலையம் தனிப் பட்டியலாக வருவதால் சுகம். எரிபொருளை வாகன இலக்கத்தாலும் ஓட்டப் புத்தகத்தாலும் பிரிக்கலாம். மின்சாரத்துக்குப் பட்டியல் இலக்கம் உண்டு. ஆனால் பல இடங்களில் வைத்தியரும் தாதியரும் குடியிருக்கும் குவாட்டர்ஸ்களும் அதே மீற்றரில் ஓடும். ஒரு மாதம் அந்தக் குவாட்டர்ஸ்களுக்குத் தனி உபமீற்றர் போட்டுப் பார்ப்பதுதான் நேர்மையான வழி.

1001, 1002 இரண்டையும் பக்கத்தில் வைத்து வீதம் பாருங்கள். வெற்றிடம் கூடக்கூட 1001 இறங்கும், 1002 ஏறும். ஒரு கட்டத்துக்கு மேல் இருப்பவர்களால் மேலதிக நேரமும் செய்ய முடியாமல் இரண்டும் இறங்கும். அந்த ஆண்டில் "ஒரு நோயாளிக்கான செலவு" அழகாகக் குறைந்து தெரியும். அதை வினைத்திறன் என்று அறிக்கையில் எழுதினால் அடுத்த வருடம் ஆளணி இன்னும் வெட்டப்படும். எந்தச் செலவு அட்டவணைக்கும் பக்கத்தில் அங்கீகரிக்கப்பட்ட ஆளணி, உண்மையில் இருப்போர் என்ற இரண்டு நிரல்கள் கட்டாயம் வேண்டும்.

மருந்துக்கு விலை போடுவது அலுப்பான வேலை, ஆனால் தவிர்க்க ஏலாது. களஞ்சியத்திலிருந்து வந்த விநியோகப் பற்றுச்சீட்டுகளில் ஒவ்வொரு பொருளுக்கும் இலக்கம் உண்டு. மருத்துவ விநியோகப் பிரிவின் அலகு விலையை அதோடு பொருத்தலாம். உள்ளூர்க் கொள்வனவில் வாங்கியதை அந்த விலையில் போடக் கூடாது. உண்மையில் கொடுத்த விலையில்தான் போட வேண்டும். வந்த தொகையைச் செலவாக எடுக்காமல், தொடக்க இருப்பைக் கூட்டி, முடிவு இருப்பைக் கழித்து, காலாவதியானதைத் தனி வரியாகக் காட்ட வேண்டும். சின்ன வைத்தியசாலைகளில் காலாவதி வீதம் கூடுவதற்குக் காரணம் அக்கறையின்மை என்று அவசரப்பட வேண்டாம். மதிப்பீடு எழுதிய காலத்தில் இருந்த வைத்தியர் மாற்றலாகிப் போயிருப்பார். புதியவர் வேறு மருந்து எழுதுவார்.

மருந்தும் நோயாளர் எண்ணிக்கையும் ஒன்றையொன்று குழப்பும் இடமும் இதுதான். நீரிழிவு, பிரஷர் கிளினிக்குகளில் வழமையாக ஒரு மாதத்துக்கு மருந்து கொடுப்பார்கள். கையிருப்பு குறைந்து இரண்டு கிழமைக்குக் கொடுக்கத் தொடங்கினால், அதே சனம் மாதத்தில் இரண்டு தரம் வரும். வருகை இரட்டிப்பாகும், ஒரு வருகைக்கான செலவு பாதியாகும், நோயாளி மட்டும் இரண்டு தரம் ஓட்டோவுக்குக் காசு கொடுப்பார். ஆகவே கிளினிக்கில் வருகைகளை எண்ணாமல் கிளினிக் புத்தகம் வைத்திருக்கும் ஆக்களை எண்ணி, தலைக்கு ஒரு வருடச் செலவு போடுவது நல்லது.

கட்டில் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஒரு வைத்தியசாலையைத் தரம் குறைப்பதா கூட்டுவதா என்ற கதை வரும்போது எல்லோரும் தூக்குவது இந்த ஒரு எண்ணைத்தான். கட்டில் நிரம்பல் வீதம் என்பது நோயாளி தங்கிய நாட்களைக் கட்டில் எண்ணிக்கை பெருக்கல் 365 ஆல் வகுப்பது. கற்பனையாக ஒரு வைத்தியசாலை: பதிவில் 30 கட்டில், வருடம் 1,200 அனுமதிகள். அதில் 300 பேர் வந்து சில மணித்தியாலத்தில் யாழ் போதனா வைத்தியசாலைக்கோ ஆதார வைத்தியசாலைக்கோ மாற்றப்பட்டவர்கள். மிச்சம் 900 பேர் சராசரி இரண்டு இரவு. தங்கிய நாட்கள் 1,800, கிடைக்கக்கூடிய நாட்கள் 10,950, நிரம்பல் 16.4 வீதம். "பதினாறு வீதத்துக்கு ஒரு விடுதியா?" என்று கேட்பார்கள். விடுதிக்குள் போய் எண்ணினால் கூரை ஒழுகுவதால் ஒரு பக்கம் பூட்டியிருக்கும். படுக்கக்கூடிய கட்டில் 18 தான். அப்போது வகுக்க வேண்டியது 6,570 ஆல், நிரம்பல் 27.4 வீதம். சராசரித் தங்கல் நாளும் அப்படித்தான்: மாற்றப்பட்டவர்களைச் சேர்த்தால் 1.5, விலக்கினால் 2. பதிவேடு ஒன்றுதான், அதிலிருந்தே இத்தனை படங்கள்.

இதோடு நள்ளிரவுக் கணக்கு என்ற பழக்கமும் சேரும். இரவு 12 மணிக்குக் கட்டிலில் இருப்பவர்தான் எண்ணப்படுவார். காலை எட்டு மணிக்கு இழுப்போடு வந்து, நெபுலைசர் வைத்து, பின்னேரம் நாலு மணிக்கு வீடு போனவர் அனுமதியில் ஒருவர், தங்கிய நாளில் பூச்சியம். சின்ன வைத்தியசாலையின் உண்மையான வேலையில் பெரும்பகுதி இப்படிப்பட்டது. பி.எச்.ரி. களில் (ஒவ்வொரு தங்கு நோயாளிக்கும் எழுதும் கட்டில் சீட்டு) இரண்டு மாதத்துக்குரியதை எடுத்து, அனுமதித்த நேரம், வெளியேறிய நேரம் இரண்டையும் மணித்தியாலத்தில் பதிந்து பார்த்தால் விடுதியின் முகமே மாறிவிடும். வெளியேறிய நேரம் எழுதப்படாத சீட்டுகள் இருக்கும். அவற்றைத் தள்ளிவிடாமல் தாதியர் அறிக்கைப் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும்.

செலவைப் பிரிவுகளுக்குப் பங்கிடும்போது மூன்று அடுக்காகப் பிரிப்பது வழமை. அடியில் நிர்வாகம், துப்புரவு, காவல், மின்சாரம். நடுவில் மருந்தகம், ஆய்வுகூடம், சமையல், சலவை, அம்புலன்ஸ். மேலே ஓ.பி.டி., விடுதி, கிளினிக், பிரசவம், ஈ.ரி.யு. (அவசர சிகிச்சைப் பிரிவு). கீழடுக்கின் செலவை மேலடுக்குக்கு ஏற்றிக்கொண்டே போக வேண்டும்: துப்புரவும் மின்சாரமும் தளப் பரப்பால், நிர்வாகம் ஆள் எண்ணிக்கையால், மருந்தகம் மருந்துத் துண்டுகளில் எழுதிய மருந்துகளின் எண்ணிக்கையால், சமையல் சாப்பாட்டு எண்ணிக்கையால், சலவை கிலோவால், அம்புலன்ஸ் கிலோமீற்றரால். தளப் பரப்பில் ஒரு பொறி இருக்கிறது. பூட்டிய விடுதியின் பரப்பையும் சேர்த்தால், ஒருவரும் படுக்காத இடத்தின் செலவு தங்கு நோயாளர் தலையில் விழும். 1981 குடிசன மதிப்பீட்டில் ஏழு இலட்சத்துக்கு மேல் இருந்த யாழ் மாவட்ட சனத்தொகை 2012 இல் ஆறு இலட்சத்துக்குக் கீழ். பழைய சனத்துக்குக் கட்டிய கூரைகள் பல இடங்களில் இன்னும் நிற்கின்றன. பூட்டிய பரப்பை "பயன்படாத கொள்ளளவு" என்று தனி வரியில் விடுங்கள்.

வைத்தியர், தாதியரின் நேரத்தைப் பங்கிடுவது கூடச் சிரமம். ஒரே வைத்தியர் காலையில் ஓ.பி.டி., பத்து மணிக்கு விடுதிச் சுற்று, பிறகு கிளினிக். அவரிடம் கேட்டால் சுற்று நிருபத்திலுள்ள நேரத்தைச் சொல்வார். ஒரு கிழமை பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் அவர் எங்கே நிற்கிறார் என்று ஒருவர் குறித்துக்கொண்டால் போதும்; கிளினிக் நாளும் கிளினிக் இல்லாத நாளும் கட்டாயம் உள்ளே வர வேண்டும்.

அன்பளிப்பு இயந்திரங்களைக் கணக்கில் எடுக்காமல் விடுவது பொதுவான பிழை; "அது சும்மா வந்ததுதானே" என்பார்கள். 20 இலட்சம் ரூபா பெறுமதியான இயந்திரம் பத்து வருடம் உழைக்கும் என்றால், முடங்கிய காசுக்கு மூன்று வீத வட்டியும் சேர்த்து வருடத்துக்கு ஏறத்தாழ 2.34 இலட்சம். பராமரிப்புக்கு வருடந்தோறும் வாங்கிய விலையில் 5 முதல் 10 வீதம் என்று கொள்வது வழமை. அதாவது இன்னும் ஒன்று முதல் இரண்டு இலட்சம். அந்தக் காசு 1302 இலிருந்து வர வேண்டும், ஆனால் பொருட்பதிவேட்டில் ஏறாத இயந்திரத்துக்கு அரச காசில் திருத்தம் செய்ய முடியாது. விழா வைத்து, படம் எடுத்து, பதிவேட்டில் ஏற்றாமல் விட்ட இயந்திரம் முதல் பழுதோடு மூலைக்குப் போகும்.

கனடாவிலிருந்து வருவதில் இன்னொரு பிரச்சினை. அங்கே மின்சாரம் 120 வோல்ற், 60 ஹேட்ஸ் (அதிர்வெண்). இங்கே 230 வோல்ற், 50 ஹேட்ஸ். ட்ரான்ஸ்ஃபோமர் போட்டால் வோல்ற் சரியாகும், ஹேட்ஸ் மாறாது. நேரடியாக மெயின்ஸில் ஓடும் மோட்டர் உள்ள உறிஞ்சு கருவியோ சென்ட்ரிபியூஜோ மெதுவாக ஓடும், சுடும், சீக்கிரம் எரியும். இரத்தப் பரிசோதனை இயந்திரம் என்றால் அதன் ரியேஜன்ற் (சோதனை இரசாயனம்) அந்தக் கம்பனியிடம் மட்டும்தானா, கம்பனிக்கு இலங்கையில் முகவர் உண்டா, ஒரு பரிசோதனைக்கு என்ன விலை என்ற மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் கப்பலில் ஏற்றச் சொல்ல வேண்டும். கேட்பதற்குக் கூச்சப்படுகிறோம், தருகிற கையைக் கேள்வி கேட்பதா என்று.

தண்ணீரும் செலவுதான். குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீர் கடினமானது. ஓட்டோகிளேவின் சூடாக்கியில் வெள்ளைப் படலம் கட்டி, கொதிக்கும் நேரம் நீளும், மின்சாரம் ஏறும், கடைசியில் சூடாக்கி போகும். 1302 வவுச்சர்களில் ஒரே சூடாக்கி அடிக்கடி மாற்றப்பட்டிருந்தால் இயந்திரத்தைக் குற்றம் சொல்ல முன் கிணற்று நீரைச் சோதிக்க வேண்டும். நீர் மென்மையாக்கி ஒன்றின் விலையைச் சூடாக்கிகளின் விலையோடு ஒப்பிட்டு ஒரு வரி எழுதினால், ஆய்வில் உடனே பலன் தரும் வரி அதுவாகவே இருக்கும்.

தீவுகளைத் தனியாகவே எழுத வேண்டும். வேலணையும் புங்குடுதீவும் தாம்போதியால் இணைந்தவை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு கடல்வழி. நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானிலிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். சோளகக் காற்றும் வாடைக் காற்றும் கடலைக் குழப்பும் நாட்களில் அந்தக் கணக்கும் இல்லை. அங்கே ஒரு நோயாளிக்கான செலவைக் கோப்பாய், சாவகச்சேரிப் பக்கத்தோடு ஒரே அட்டவணையில் போட்டால் நெடுந்தீவு எப்போதும் "நட்டமான" இடமாகத்தான் தெரியும். ஒப்பிட வேண்டியது அங்கே வைத்தியசாலை இல்லாவிட்டால் ஆகும் செலவோடு: இரவுப் படகு, கூடப் போகிறவரின் ஒருநாள் கூலி, யாழ்ப்பாணத்தில் தங்குமிடம், கடற்படையின் உதவியோடு நடக்கும் அவசர இடமாற்றம். இவற்றில் அரசின் செலவையும் வீட்டுச் செலவையும் இரண்டு நிரலாகப் பிரியுங்கள். தூரத்தையும் நேர்கோட்டில் அளக்க வேண்டாம். காரைநகரில் நின்றால் ஊர்காவற்றுறை கண்ணுக்குத் தெரியும். இடையில் ஆக்களை ஏற்றும் "பாதை" என்ற மிதவை ஓடாத நேரம் தரைவழியே சுற்ற வேண்டும்.

பக்கத்து வைத்தியசாலையைத் தாண்டிப் போகிறவர்களை எண்ணாமல் எந்த ஆய்வும் முழுமை பெறாது. அவர்கள் இங்குள்ள பதிவேட்டில் இல்லை. போகும் இடத்தில்தான் இருக்கிறார்கள். போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பழை, பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைகளிலோ கிளினிக் நாளொன்றில் கிராம அலுவலர் பிரிவைக் கேட்டுப் பதிந்தால் போதும். காரணத்தையும் கேளுங்கள், ஆனால் "ஏன் அங்கே போகவில்லை?" என்று கேட்டால் "அங்க ஒண்டும் இல்லை" என்ற பதில்தான் வரும். "கடைசியாக அங்கே எப்போது போனீர்கள், அன்று என்ன கிடைக்கவில்லை?" என்று கேட்டால், வைத்தியரா, இரத்தப் பரிசோதனையா, ஒரு குறிப்பிட்ட குளிசையா என்று தெரியவரும். 2018 இல் வடக்குக்கு வந்த, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸையும் இதில் சேர்க்க வேண்டும். அது நோயாளியை நேரே பெரிய இடத்துக்குக் கொண்டுபோனால் நோயாளிக்கு நல்லது. சின்ன வைத்தியசாலையின் ஈ.ரி.யு. எண்ணிக்கை மட்டும் இறங்கும்.

ஆண்டுகளை ஒப்பிடும்போது இரண்டு கவனம். ஒன்று, ஒதுக்கீடு வேறு, செலவழிக்க உண்மையில் வந்துசேரும் காசான கட்டுநிதி வேறு. ஒதுக்கீடு தாளில் இருக்கும், காசு வராது. டிசம்பர் 31 இல் செலுத்தாத பட்டியல்கள் அடுத்த வருடச் செலவாக விழும். இந்த வருடம் செலுத்தாததைக் கூட்டி, போன வருடத்ததைக் கழித்த பிறகே ஆண்டுச் செலவு. மற்றது, 2022. அந்த வருடம் செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஒரு வருடத்துக்குள் ஏறத்தாழ 70 வீதம் ஏறியிருந்தது. எரிபொருள் இல்லாமல் நோயாளரும் வரவில்லை, ஊழியரும் வரவில்லை. கொவிட் காலமும் அப்படியே. 2019 ஐயும் 2023 இற்குப் பிந்திய ஒரு வருடத்தையும் எடுத்து விலையைச் சரிக்கட்டி ஒப்பிடுவது பாதுகாப்பு.

அறிக்கை எண்பது பக்கமாக இருக்கட்டும். வைத்தியசாலைக்கும் நோயாளர் நலன்புரிச் சங்கத்துக்கும் இரண்டு பக்கத் தமிழ்ப் பிரதி ஒன்று வேண்டும். முதற்பக்கத்தில் தயார்நிலைச் செலவு, வெற்றிடங்கள், படுக்கக்கூடிய கட்டில். இரண்டாம் பக்கத்தில் திருத்தத்துக்கு உடனே வேண்டிய தொகை, பொருட்குறியீட்டோடு. அடுத்த ஆண்டுக்கான மதிப்பீடுகள் ஆண்டின் நடுப்பகுதியில் கேட்கப்படும். மே மாதத்துக்குள் அந்த இரண்டு பக்கமும் பணிமனைக் கணக்காளரின் மேசையில் இருந்தால் ஏதாவது ஒரு வரி உள்ளே போகும். ஒக்ரோபரில் கொடுத்தால் அது நூலகத்துக்குத்தான்.